சம்பந்தி வீட்டு ரொட்டி

கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருக்கிறீர்கள். பக்கத்து இலையில் ஒரு வெள்ளைக்காரர். முதல் தடவை போலிருக்கிறது. இலையின் நுனியை வலப்பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொள்கிறார். முதலில் மோரை வாங்கிச் சாதத்தில் விட்டுக்கொண்டு, "சாம்பார் எப்போது வரும்?" என்று பரிமாறுகிறவரைக் கேட்கிறார். நீங்கள் என்ன செய்வீர்கள்? கோபித்துக்கொள்ள மாட்டீர்கள். சிரிப்பை முந்தானையில் மறைத்துக்கொண்டு, "பாவம், தெரியவில்லை!" என்பீர்கள்.

அந்தப் ‘பாவம்’ ஸ்தானத்தில் ஒரு நாள் நானே உட்கார்ந்திருக்கிறேன், நேயர்களே! மயிலாப்பூரில் அல்ல, டென்மார்க் தேசத்தின் தலைநகரான கோபன்ஹேகனில். சில வருஷங்களுக்கு முன் பத்திரிகைப் பயிற்சி ஒன்றுக்காக ஆறு வாரம் அங்கே போயிருந்தேன். முதல் ஞாயிற்றுக்கிழமை ஒரு வீட்டில் மத்தியான விருந்து. அங்கே நான் அடித்த கூத்தை இதுவரை இந்தப் பக்கத்தில் எழுதியதில்லை. இப்போது என் வாயைக் கிளறிவிட்டவர் எதிர் வீட்டு மாமி.

மாமியின் பெண் கோபன்ஹேகனில் உத்தியோகம் பார்க்கிறாள். மாப்பிள்ளை அந்த ஊர்க்காரர். கல்யாணமாகி மூன்று வருஷத்துக்குப் பிறகு இப்போது பெண் உண்டாகியிருக்கிறாள். பிரசவத்துக்கு மாமி போக வேண்டும். விசா வந்துவிட்டது. பாண்டி பஜாரில் கம்பளிச் சட்டை வாங்கியாயிற்று. சாம்பார்ப் பொடியும் பருப்புப் பொடியும் பொட்டணம் பொட்டணமாகப் பெட்டியில் ஏறிவிட்டன. ஆனாலும் மாமியின் முகத்தில் ஈயாடவில்லை.

"ஏண்டி, நீ அந்த ஊருக்குப் போயிருக்கியோன்னோ? நான் போய் இறங்கின மறுநாளே சம்பந்தியாத்திலே சாப்பிடக் கூப்பிட்டிருக்கா. ரொட்டி மேலே என்னத்தையோ வெச்சுத் தருவாளாம். நடுவிலே சின்னக் கிளாஸிலே சாராயம் வேற உண்டாம். ஒண்ணையும் தொடாமே உம்முனு உட்கார்ந்திருந்தா என் பொண்ணுக்குன்னா அவமானம்? தொட்டுட்டேன்னா எனக்கு..."

மாமி அதோடு நிறுத்திக்கொண்டார். அவர் ஏன் நிறுத்தினார் என்பது எனக்குத் தெரியும். அதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் ரொட்டி.

வெண்ணெயும் ரொட்டியும்

அந்தப் பலகாரத்துக்கு ஸ்மோர்ப்ரோ என்று பெயர். ஸ்மோர் என்றால் வெண்ணெய். ப்ரோ என்றால் ரொட்டி. கடைசியில் மெல்லியதாக ஒரு ‘த்’ உண்டு. அது டேனிஷ்காரர்களின் நாக்கில்தான் நிற்கும். நம் ‘ழ’ அவர்களுக்கு எப்படியோ, அவர்களுடைய ‘த்’ நமக்கு அப்படி. அதற்காக வெட்கப்பட வேண்டியதில்லை.

நமக்குத் தெரிந்த ஸாண்ட்விச் என்றால் இரண்டு துண்டு ரொட்டி, நடுவில் ஏதாவது. இதற்கு மேல்மூடியே கிடையாது. ஒரே துண்டு ரொட்டி. அதன் மேல் வெண்ணெய். வெண்ணெயின் மேல் பதார்த்தம். அதற்கும் மேல் அலங்காரம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வயலுக்கும் தொழிற்சாலைக்கும் போனவர்கள் மத்தியானத்துக்குக் கட்டிக்கொண்டு போன ரொட்டித் துண்டுதான் இதற்கு மூலம். நம் கட்டுச் சோறு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். பிறகு நகரத்து ஹோட்டல்காரர்கள் அதற்கு ஜோடனை செய்து மேஜைக்குக் கொண்டுவந்தார்கள். 1888-ல் கோபன்ஹேகனில் வியாபாரம் தொடங்கிய டேவிட்ஸன் குடும்பத்தாரின் பட்டியல் ஒரு மீட்டருக்கு மேல் நீளமாம். அதில் 170-க்கு மேற்பட்ட தினுசுகள்! இந்தக் கலையை முறையாகப் பயின்ற பெண்களுக்கு ‘ஸ்மோர்ப்ரோ கன்னி’ என்றே பட்டம் உண்டு. அறுபது வயசானாலும் கன்னிதான்!

ரொட்டி நம் கடை ரொட்டி போல வெள்ளையாகப் பஞ்சு மாதிரி இருக்காது. கறுப்பாக, கனமாக, கொஞ்சம் புளிப்பாக இருக்கும். ரை என்ற தானியத்தில் செய்வது. கோதுமைக்கு ஒத்துவராத குளிரிலும் மெலிந்த மண்ணிலும் ரை விளையும். போன தடவை பிசைந்த மாவில் ஒரு பிடியை எடுத்து வைத்து, அடுத்த தடவை புது மாவில் கலந்து புளிக்க வைப்பார்கள்.

"மாமி, நீங்கள் தினம் ராத்திரி பாலுக்கு உறை குத்துகிறீர்களே, அதே சங்கதிதான்" என்றேன்.

"அட! அப்போ தோசை மாவு ஜாதின்னு சொல்லு" என்றார் மாமி. முகத்தில் முதல் தடவையாகக் கொஞ்சம் வெளிச்சம் வந்தது.

வெண்ணெயைத் தாராளமாக, ரொட்டியின் விளிம்பு வரைக்கும் தடவ வேண்டும். கடித்தால் பல்லின் தடம் வெண்ணெயில் தெரிய வேண்டும் என்பது கணக்கு. அதற்கென்றே ‘பல் வெண்ணெய்’ என்று அவர்கள் பாஷையில் ஒரு வார்த்தை இருக்கிறது. இது வெறும் ருசிக்காக மட்டும் அல்ல. மேலே வைக்கும் பதார்த்தத்தின் ஈரம் இறங்கி ரொட்டி ஊறிப் போகாமல் வெண்ணெய் தடுத்து நிற்கிறது.

சம்பந்தம் பழசு

டென்மார்க் என்றால் நமக்குச் சம்பந்தமே இல்லாத சீமை என்று நினைத்துவிடாதீர்கள். மாமியின் பெண் பண்ணிக்கொண்டதுதான் முதல் சம்பந்தம் என்பதும் இல்லை. 1620-ல் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர் டேனிஷ்காரர்களுடன் உடன்படிக்கை செய்துகொண்டு, தரங்கம்பாடியில் அவர்களுக்கு இடம் கொடுத்தார். டென்மார்க் அரசருக்கு அவர் பொன் ஏட்டில் எழுதி அனுப்பிய கடிதத்தை இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். டேனிஷ் அரசரின் ஆதரவில் 1706-ல் வந்திறங்கிய பாதிரிமார்கள், சில வருஷங்களிலேயே தரங்கம்பாடியில் அச்சுக்கூடம் வைத்துத் தமிழில் புத்தகம் போட்டார்கள். அந்த வகையில், அச்சு மையினால் பிழைக்கும் நான் அவர்களுக்குக் கொஞ்சம் கடன்பட்டவள். 1845-ல் ஊரை இங்கிலீஷ் கம்பெனிக்கு விற்றுவிட்டுக் கப்பலேறினார்கள். டான்ஸ்போர்க் கோட்டை மட்டும் கடலைப் பார்த்தபடி இன்றும் நிற்கிறது.

அப்புறம் 1980-களில் இலங்கையில் மூண்ட போருக்குத் தப்பிப் போன தமிழ்க் குடும்பங்கள் பல டென்மார்க்கில் குடியேறின. பிராண்டே என்ற சிற்றூரில் அபிராமி அம்மனுக்கே கோவில் இருக்கிறது. "குளிர்ல அபிராமியே போய் உட்கார்ந்துண்டிருக்கா, எனக்கென்ன?" என்று மாமி கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

வரிசை தப்பக் கூடாது

இப்போது என் கூத்தைச் சொல்கிறேன். நான் மீன், மாமிசம் சாப்பிடுகிறவள். ஆகையால் அந்த விருந்தில் எனக்கு ஆகாரத்தில் தகராறு ஒன்றும் இல்லை. முறைதான் தெரியவில்லை. மேஜையில் எல்லாவற்றையும் பரப்பி வைத்திருந்தார்கள். அவரவர் ரொட்டியை அவரவரே ஜோடிக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? கைக்கு எட்டிய மீனை எடுத்து ரொட்டியில் வைத்தேன். பக்கத்திலேயே பாலாடைக்கட்டியையும் வைத்தேன். அதன் மேல் இன்னொரு ரொட்டியை மூடி, இரண்டு கையாலும் தூக்கி ஒரு கடி கடித்தேன்!

ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்த கிழவி மாத்திரம் குனிந்து உப்புக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வைதான் நம்முடைய ‘பாவம்!’

முறை இதுதான். முதலில் ஹெரிங். இது நம் மத்தி மீனுக்கு ஒன்றுவிட்ட உறவு. காடியும் சர்க்கரையும் மசாலாவும் சேர்த்து ஊறப் போட்டிருப்பார்கள். ஊறுகாய் என்றே சொல்லலாம். நம் கறித்தூளைப் போட்டுச் செய்யும் ஹெரிங்கும் உண்டு. அது முடிந்ததும் தட்டை மாற்றிவிடுவார்கள். ஊறுகாய் வாசனை அடுத்த பதார்த்தத்தில் ஏறக் கூடாது பாருங்கள். அதற்குப் பிறகு மற்ற மீன் வகை. அப்புறம் மாமிசம். கடைசியில் பாலாடைக்கட்டி. சாம்பார், ரசம், மோர் என்று நாம் போகிறோமே, அதே மாதிரி. ஒன்றின் மேல் ஒன்றைக் குவிக்கக் கூடாது. கத்தி, முள்கரண்டியால்தான் சாப்பிட வேண்டும். பள்ளிக்கூடத்துக்கும் ஆபீஸுக்கும் காகிதத்தில் மடித்துக் கொண்டு போகும் ரொட்டியை மட்டும் கையால் எடுத்துச் சாப்பிடலாம்.

சில தினுசுகளுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயரைக் கேளுங்கள். பொரித்த மீனின் மேல் இறால் வைத்தது ‘எரிநட்சத்திரம்’. புகை போட்ட ஹெரிங்கின் நடுவே பச்சை முட்டையின் மஞ்சள் கருவை உடையாமல் உட்கார வைத்தால் ‘குத்யெம்மின் மேல் சூரியன்’. குத்யெம் என்பது அங்கே ஒரு தீவில் உள்ள ஊர். இன்னொன்றின் பெயர் ‘மாட்டு வைத்தியரின் ராச்சாப்பாடு’!

"எல்லாம் சரி, நான் எதைச் சாப்பிடறது?" என்றார் மாமி.

நியாயமான கேள்வி. மரக்கறிக்காரர்களுக்கு அங்கே பரம்பரையாக வரும் தினுசே ஒன்று உண்டு: உருளைக்கிழங்கு ரொட்டி. தக்காளியும் வெள்ளரிக்காயும் தாராளமாகக் கிடைக்கும். ஆனால் மூன்று விஷயத்தில் ஜாக்கிரதை வேண்டும். பழுப்பு நிறத்தில், நம் துவையல் மாதிரி மழமழவென்று ஒன்று வரும். அது ஈரல் விழுது, ஏமாந்துவிடாதீர்கள். கண்ணாடி போல மினுக்கும் கூழ்த் துண்டு, மாமிசச் சாற்றை உறைய வைத்தது. பாலாடைக்கட்டியில் சிலவற்றைக் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னட் என்ற பொருளை விட்டு உறைய வைக்கிறார்கள். ஆகவே எந்த வகை என்று கேட்டு வாங்கிக்கொள்ளலாம். முட்டை ஆகாதவர்கள் மயோனைஸ் என்ற வெள்ளைக் குழம்பையும் விலக்க வேண்டும்.

"இதையெல்லாம் பெண்ணை விட்டு முன்னாடியே சொல்லச் சொல்லுங்கள். மேஜையில் உட்கார்ந்த பிறகு தட்டைத் தள்ளுவதுதான் மரியாதைக் குறைவு. முன்கூட்டிச் சொன்னால் ஒரு குறையும் இல்லை" என்றேன்.

ஒத்திகை

மறுநாள் அடையாறில் ஒரு ரொட்டிக் கடையில் ரை ரொட்டி அகப்பட்டது. மாமியின் அடுக்களையிலேயே ஒத்திகை நடத்தினோம். நீங்களும் செய்து பார்க்கலாம்.

நாலு துண்டுக்கு நடுத்தர உருளைக்கிழங்கு மூன்று போதும். முதல் நாள் ராத்திரியே குழையாமல் வேகவைத்து, தோலை உரித்து, குளிர்ப் பெட்டியில் வைத்துவிடுங்கள். சூடான கிழங்கை நறுக்கினால் உதிர்ந்துவிடும். ரொட்டியில் விளிம்பு வரை வெண்ணெய் தடவி, கிழங்கை வட்ட வட்டமாக நறுக்கி, ஓடு வேய்வது போல ஒன்றன் மேல் ஒன்று சற்றே ஏறியிருக்கும்படி அடுக்குங்கள். உப்பு, மிளகுத் தூள். மேலே மயோனைஸ் ஒரு கரண்டி. மாமி வீட்டில் அதற்குப் பதிலாகத் துணியில் கட்டித் தண்ணீர் வடித்த கெட்டித் தயிரை வைத்தோம். அதன் மேல் பொடியாக அரிந்த வெங்காயத்தாளும், மொறுமொறுவென்று பொரித்த வெங்காயமும். ஆயிற்று! சென்னை வெயிலில் வெண்ணெய் உருகி ஓடுவதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும். அது ஒன்றுதான் கஷ்டம்.

மாமி கத்தியைப் பிடித்த விதத்தைப் பார்த்து மாமா, "வாழைக்காய் நறுக்கறாப்லே இருக்கே!" என்று கூடத்திலிருந்து கேலி செய்தார். ஆனால் இரண்டு துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நன்றாயிருக்கிறது என்று மட்டும் வாயைத் திறந்து சொல்லவில்லை.

சின்னக் கிளாஸ்

இனி சாராயத்துக்கு வருவோம். அந்தச் சின்னக் கிளாஸில் இருப்பதற்கு ஸ்னாப்ஸ் என்று பெயர். அதில் முக்கியமானது அக்வாவிட்; ‘உயிர் நீர்’ என்று அர்த்தம். தானியத்திலிருந்தோ உருளைக்கிழங்கிலிருந்தோ வடித்த சாராயத்தில், சீரகத்துக்கு உறவான காரவே என்ற விதையையோ சதகுப்பையையோ சேர்த்து வாசனை ஏற்றுகிறார்கள். சதகுப்பையை உங்களுக்குத் தெரியுமே! பிள்ளை பெற்றவர்களுக்கு நம் பாட்டிமார் கொடுத்த மருந்துச் சரக்கு அல்லவா? அங்கே அது இந்த வழியில் போயிருக்கிறது. ஆல்போர்க் என்ற ஊரின் பெயரால் 1846 முதல் வரும் அக்வாவிட் ரொம்பப் பிரசித்தம். நூறு பங்கில் 45 பங்கு சாராயம்.

இதெல்லாம் அன்று எனக்கு எங்கே தெரியும்? தெளிவாக, ஜில்லென்று இருந்தது. மோந்து பார்த்தேன், சீரக வாசனை. "அடடே, சீரகத் தண்ணீர்!" என்று சந்தோஷப்பட்டு ஒரே மடக்காகக் குடித்துவிட்டேன். தொண்டையிலிருந்து அடிவயிறு வரை ஒரு தீக்கோடு! கண்ணில் ஜலம் தாரை தாரையாக வழிந்தது. அப்போது இன்னும் வீட்டு எஜமானர் கிளாஸைத் தொடக்கூட இல்லை. அதுதான் பெரிய தப்பு.

எஜமானர் முதலில் கிளாஸைத் தூக்கி, "ஸ்கோல்!" என்பார். எல்லோரும் தூக்க வேண்டும். ஒருவரை ஒருவர் கண்ணோடு கண் பார்க்க வேண்டும். ஒரு வாய் அருந்தி, மறுபடியும் கண்ணைப் பார்த்துவிட்டுத்தான் கிளாஸைக் கீழே வைக்க வேண்டும். ஹெரிங்கோடு இது சேர்ந்தே வரும். ‘மீன் என்றால் நீந்தியாக வேண்டும்’ என்று வேடிக்கையாகச் சொல்லுவார்கள்.

மாமி வெகு நேரம் பேசாமல் இருந்தார். அவர் அன்று பாதியில் நிறுத்திய காரணத்தை இப்போது சொல்கிறேன். மாமியின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். நம் நாட்டில் 1937-ல் சேலம் ஜில்லாவில் தொடங்கி, 1948-க்குள் சென்னை மாகாணம் முழுவதும் பரவிய மதுவிலக்கு, 1971-ல் தளர்த்தப்பட்டது. பிறகு இறுகிற்று, மறுபடி தளர்ந்தது. இதெல்லாம் சரித்திரத்தில் ஒரு வரி. மாமியின் அக்கா வீட்டில் அது ஒரு வாழ்க்கை. அத்திம்பேர் குடித்தார். நகை போயிற்று, வீடு போயிற்று, கடைசியில் அவரும் போனார். அக்கா இரண்டு குழந்தைகளோடு பிறந்த வீட்டுக்கு வந்தபோது, கைப்பெட்டியைத் திண்ணையிலிருந்து உள்ளே எடுத்து வைத்தவர் பதினாறு வயது மாமி.

"அந்தக் கிளாஸைத் தொட்டா அக்கா கண்ணு முன்னாடி வருவாடி" என்றார்.

"தொட வேண்டாம் மாமி. தண்ணீர்க் கிளாஸைத் தூக்குங்கள். உங்கள் பெண்ணும் இந்தச் சமயத்தில் மதுவைத் தொடக் கூடாதே. அவளும் தண்ணீரைத்தான் தூக்கப்போகிறாள். கிளாஸில் என்ன இருக்கிறது என்பது முக்கியமே இல்லை. கண்ணைப் பார்க்கிறோமா என்பதுதான் அங்கே மரியாதை" என்றேன்.

"கண்ணைப் பார்க்கறதுக்கு என்ன, பேஷா பார்க்கறேன்" என்றார் மாமி.

கடைசியாக இன்னொன்றும் சொல்லிக் கொடுத்தேன். சாப்பிட்டு எழுந்திருக்கும்போது, சமைத்தவரைப் பார்த்து "தாக் ஃபோ மத்" என்று சொல்ல வேண்டும். ‘சாப்பாட்டுக்கு நன்றி’ என்று அர்த்தம். விருந்தில் மட்டும் அல்ல. வீட்டில் அன்றாடச் சாப்பாட்டுக்கும் குழந்தைகளுக்கு இதைப் பழக்குகிறார்கள். சமைத்தவர் "வெல்பெகோமே" என்று பதில் சொல்லுவார். ‘உடம்பில் ஒட்டட்டும்’ என்கிற மாதிரி. மாமி அதைப் பத்துத் தடவை உருப்போட்டுக்கொண்டார்.

தாக் ஃபோ மத்

போன வாரம் கோபன்ஹேகனிலிருந்து மாமி பேசினார்.

"கேளுடி! சம்பந்தியம்மா எனக்குன்னு உருளைக்கிழங்கு ரொட்டி தனியாப் பண்ணி வெச்சிருந்தா. நான் கத்தியை எடுத்து வாகா நறுக்கினதைப் பார்த்து அவாளுக்கு ஆச்சரியம். அப்புறம் சம்பந்தி எழுந்து கிளாஸைத் தூக்கினார். எனக்குக் கை நடுங்கித்து. தண்ணியைத் தூக்கிண்டு அவர் கண்ணைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். அவ்வளவுதான். சாராயம் ஏன் வேண்டாம்னு ஒருத்தரும் கேக்கலை."

"அந்த வார்த்தையைச் சொன்னீர்களா மாமி?"

"சொல்லாமே? என் உச்சரிப்புக்கு மாப்பிள்ளை சிரிச்சார். சம்பந்தியம்மா சிரிக்கலை. எழுந்து வந்து என் கையைப் பிடிச்சுண்டுட்டா." மாமி சற்று நிறுத்தினார். "நாப்பத்திரண்டு வருஷமா நானும் சமைக்கறேன். உப்பு ஒரு கல் கம்மின்னு கேட்டிருக்கேன். புளி ஜாஸ்தின்னு கேட்டிருக்கேன். இப்படி ஒரு வார்த்தை இருக்குன்னு இப்பத்தான் தெரியறது."

அன்று சாயங்காலம் மாமா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் மெஸ்ஸிலிருந்து சாப்பாடு வாங்கி வந்த காலி அடுக்குப் பாத்திரம். எதையோ கேட்க வந்து, மழையைப் பற்றிப் பேசினார். மெட்ரோ ரயில் வேலையைப் பற்றிப் பேசினார். கிளம்பும்போது, "அது என்னமோ சொல்லணுமாமே, சாப்பிட்டு எழுந்ததும்... அதை ஒரு சீட்டுல எழுதிக் குடு பார்ப்போம். ராத்திரி அவ போன் பண்ணுவா" என்றார்.

எழுதிக் கொடுத்தேன். டேனிஷ் பாஷையில் ஒரு தடவை. கீழே தமிழில் ஒரு தடவை.

உங்கள் வீட்டிலும் யாருக்காவது தேவைப்படும் என்று தோன்றினால், நேயர்களே, இந்தப் பக்கத்தை மட்டும் மடித்துச் சாப்பாட்டு மேஜை மேல் வைத்துவிடுங்கள்.